பேச்சுப் பயிற்சி, காதொலிக் கருவி, காக்ளியர் சிகிச்சை: அரசு உதவியைப் பெற கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

"காப்பீட்டு அட்டை கையில் இருக்குதுங்க, அதைக் காட்டி ஸ்பீச் தெரபி எடுத்துக்கலாமுங்களா?" பேச்சு வராத குழந்தையோடு முதல் முறையாக அலையத் தொடங்கும் பெற்றோர் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். வாராவாரம் போய் வருகிற பேச்சுப் பயிற்சிக்கு அந்த அட்டை பணம் தராது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைகளுக்கானது. ஆனால் அதைக் கேட்டுவிட்டு, காசு கொடுத்தால்தான் பயிற்சி என்று முடிவு கட்டி ஊருக்குத் திரும்பிவிட வேண்டாம். பயிற்சி இலவசமாகவே கிடைக்கிறது, வேறு இடங்களில்.

காது மூக்கு தொண்டைப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் நடக்கும். அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை. காதொலிக் கருவிக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். பள்ளி வயதுப் பிள்ளைக்குப் பயிற்சி தர வட்டார வள மையம். ஒவ்வொன்றும் வேறு துறை, வேறு கட்டடம், வேறு ஊழியர். ஒரு துறையின் ஊழியருக்கு அடுத்த துறையில் என்ன கிடைக்கும் என்று பல நேரம் தெரிவதில்லை. ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று காத்திருந்தால், அதற்குள் குழந்தையின் வயது ஓடிவிடும். இந்த விஷயத்தில் வயதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதனால் இவற்றை ஒரே சமயத்தில் நகர்த்துங்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகிறேன்.

முதல் வேலை காதுப் பரிசோதனை

பேச்சு வரவில்லை என்றால் முதலில் நாக்கைப் பார்ப்பது நம் வழக்கம். "நாக்கு தடிப்பா இருக்குது", "இவங்க மாமனும் நாலு வயசுலதான் பேசினான்" என்று அப்பாருவும் அமுச்சியும் சொல்வார்கள். வசம்பு உரசித் தடவுவார்கள், காதில் காய்ச்சிய எண்ணெய் விடுவார்கள். அன்பில் செய்வதுதான், ஆனால் எண்ணெய் விடுவதை இன்றோடு நிறுத்துங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். மற்றதெல்லாம் இருக்கட்டும், காதைச் சோதித்துவிடுங்கள். பேச்சு என்பது காதால் கேட்டுக் கற்பது. காது கேட்கவில்லை என்றால் நாக்கில் எதைத் தடவியும் பயனில்லை.

எப்போது சந்தேகப்பட வேண்டும்? ஆறு மாதத்தில் சத்தம் வந்த பக்கம் தலை திரும்பவில்லை, பத்து மாதம் ஆகியும் "மம்மம்மா, பப்பப்பா" என்று மழலை இல்லை, ஒன்றேகால் வயதில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் "பால் வேணும்" மாதிரி இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். கைதட்டிப் பார்த்து, திரும்புகிறான் என்று திருப்திப்பட்டுக்கொள்வதும் போதாது. கனத்த, தாழ்ந்த சுருதிச் சத்தம் கேட்டு, உயர்ந்த சுருதியில் வரும் மெல்லிய பேச்சொலி கேட்காத குழந்தைகளும் உண்டு. கதவு டமார் என்று சாத்தினால் திரும்புகிற பிள்ளைக்கு 'ச', 'த' போன்ற ஒலிகள் கேட்காமல் இருக்கலாம்.

உலகம் முழுவதும் மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு ஒன்று உண்டு: ஒரு மாதத்துக்குள் முதல்கட்டச் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்வது, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். பிறந்த குழந்தைக்குச் செய்யும் முதல் சோதனையை ஓ.ஏ.இ. என்பார்கள். காதில் சின்ன முனையை வைத்து ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் சந்தேகம் வந்தால் பெரா சோதனை. குழந்தை தூங்கும்போது தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலி மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பார்கள். வலி இல்லை. தூங்காமல் அழுதால் வேறு நாள் வரச் சொல்லிவிடுவார்கள் என்பதால், அன்று காலையில் குழந்தையைச் சீக்கிரம் எழுப்பி, பயணத்தில் தூங்கவிடாமல் கொண்டுபோங்கள்.

மூன்று பேரைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்: குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருந்த குழந்தை, பிறந்தவுடன் கடும் மஞ்சள் காமாலை வந்த குழந்தை, குடும்பத்தில் ஏற்கெனவே காது கேளாதவர் இருக்கும் குழந்தை. நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்வது வழக்கமாக இருந்து வந்தது. அப்படிப்பட்ட குடும்பங்களில் பிறவிக் காது கேளாமைக்கான வாய்ப்பு கூடுதல். இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, முன்கூட்டியே சோதித்துவிட்டால் போதும்.

எங்கே போவது

மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையம்தான் குழந்தைகளுக்கான நுழைவாயில். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி காட்டுவார்கள். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இது இயங்குகிறது. பிறப்பு முதல் 18 வயது வரை செலவில்லாமல் பார்க்க வேண்டும் என்பது விதி. காது கேளாமை, பேச்சுத் தாமதம், அன்னப்பிளவு எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு இந்தத் திட்டத்தைச் சேர்ந்ததே. அவர்கள் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டு இருந்தால் வேலை வேகமாகும், இல்லாவிட்டாலும் நேராகப் போகலாம்.

கோவை, சேலம், கரூர், திருப்பூர், நாமக்கல், ஊட்டி என்று இப்போது மாவட்டத்துக்கொரு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஈரோட்டுக்காரர்களுக்குப் பெருந்துறை. எல்லா ஊரிலும் எல்லாக் கருவியும் எல்லா நாளும் ஓடும் என்று நினைத்துப் புறப்படாதீர்கள். முந்தைய நாள் போன் செய்து, பெரா எடுக்கிறார்களா, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குச் சீட்டு போட வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வால்பாறையில் இருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வருகிறவர்களுக்கு இந்த ஒரு போன் ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தும்.

தாளவாடி, ஆசனூர் மலைப்பகுதிக் குடும்பங்களுக்கும் சத்தியமங்கலம் பக்கத்துக்காரர்களுக்கும் இன்னொரு நல்ல வழி உண்டு. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் மத்திய அரசுடையது, 1965-ல் தொடங்கியது. நாட்டிலேயே இந்தத் துறையின் முதன்மையான இடம். சரியாக என்ன குறை என்று தெரியாமல் குழம்பும் நிலையில் ஒருமுறை அங்கே முழு மதிப்பீடு செய்துகொள்வது நல்லது என்பது என் கருத்து. திம்பம் மலைப்பாதையில் இரவில் வாகனக் கட்டுப்பாடு இருப்பதால் பகலில் போய் வரும்படி திட்டமிடுங்கள். வாராவாரப் பயிற்சிக்கு மட்டும் வீட்டுக்கு அருகில் இடம் பாருங்கள்.

காகிதங்களை இணையாக நகர்த்துங்கள்

பரிசோதனைக்கு நாள் வாங்கிய அன்றே வருமானச் சான்றுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். இ-சேவை மையத்தில் பதிந்தால், வி.ஏ.ஓ. விசாரித்து மேலே அனுப்புவார். காப்பீட்டுத் திட்டத்துக்கான ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். முன்பு 72,000-ஆக இருந்ததை 2022-ல் உயர்த்தினார்கள். பழைய வரம்பை மனதில் வைத்து "நமக்குக் கிடைக்காது" என்று விட்டுவிட்ட குடும்பங்கள் மறுபடி பார்க்க வேண்டும். சான்று வந்ததும் அதையும் குடும்ப அட்டையையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு, குடும்பத்தார் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு ஏற்கப்படும்.

குடும்ப அட்டையில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பெரியவர்கள் பெயரில் பழைய அட்டை இருக்கும், பிள்ளையைச் சேர்த்திருக்க மாட்டார்கள். பிறப்புச் சான்றில் பெயர் எழுதாமல் இருக்கும், அல்லது ஆதாரில் ஒரு எழுத்து மாறியிருக்கும். இவற்றைச் சரிசெய்யவே வாரக்கணக்கில் போய்விடும்.

தேனியிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள், குடும்ப அட்டை சொந்த ஊரில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். காப்பீடு மாநிலம் முழுக்கச் செல்லும். எந்த மாவட்டத்து அட்டையாக இருந்தாலும் திட்டத்தில் சேர்ந்த எந்த மருத்துவமனையிலும் காட்டலாம்.

காக்ளியர் அறுவை சிகிச்சை

காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியால் பயன் இல்லாத அளவு இரு காதும் கேளாத குழந்தைக்குத்தான் இது. உள்காதில் மின்முனை பொருத்தி, வெளியே ஒரு கருவியை மாட்டுவார்கள். தனியார் மருத்துவமனையில் சொந்தப் பணத்தில் செய்தால் பல லட்சம் ஆகும். காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இலவசம். ஆறு என்பது கடைசி எல்லைதான். மூளை ஒலியைப் பழகிக்கொள்வது முதல் மூன்று வயதுக்குள் மிக வேகமாக நடக்கிறது, ஒன்றரை வயதில் செய்த குழந்தையும் ஐந்தரை வயதில் செய்த குழந்தையும் ஒரே மாதிரி பேசுவதில்லை. "இன்னும் வயசு இருக்குது, அடுத்த வருசம் பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அறுவைக்கு முன் சில மாதம் சாதாரணக் காதொலிக் கருவி மாட்டிப் பார்க்கச் சொல்வார்கள், ஸ்கேன் எடுப்பார்கள், மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் தடுப்பூசி போடுவார்கள். கருவி மாட்டிப் பார்க்கும் காலத்தை வெறும் சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம். அந்தக் காலத்திலேயே பயிற்சியையும் தொடங்கினால், உட்காருவது, கவனிப்பது, ஒலிக்குப் பதில் தருவது எல்லாம் பிள்ளைக்குப் பழகிவிடும்.

சம்மதக் கையெழுத்து போடும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள், பதிலை எழுதியே வாங்குங்கள். கருவிக்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு? வயர், காந்த வளையம், பேட்டரி போனால் யார் தருவார்கள், எங்கே கிடைக்கும்? அறுவைக்குப் பிறகு தரும் கேட்புப் பயிற்சி எத்தனை காலம், எந்த ஊரில்? ஒலியளவைச் சரிசெய்யும் மேப்பிங்குக்கு எத்தனை முறை வர வேண்டும்? கேட்புப் பயிற்சியும் இந்தச் சிகிச்சையோடு சேர்ந்ததுதான், அதனால் அது தனிச் செலவு என்று யாராவது சொன்னால் மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட அலுவலரைப் பாருங்கள். சேர்க்கைக்கோ சாமான்களுக்கோ ரொக்கம் கேட்டாலும் அப்படியே செய்யுங்கள். திட்டத்தின் இலவச எண் 1800 425 3993.

மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் தரும் மத்திய அரசின் அடிப் திட்டத்திலும் காக்ளியர் சிகிச்சை உண்டு. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு அதில் வயது வரம்பு 5. மும்பையில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் அதை ஒருங்கிணைக்கிறது. மாநிலத் திட்டம் நமக்குப் பக்கமாக இருப்பதால் முதலில் அதையே முயலுங்கள்.

சீழ் வடியும் காதுக்கான அறுவை, அன்னப்பிளவு அறுவை போன்றவையும் காப்பீட்டில் வரும். அன்னப்பிளவு சரிசெய்த பிள்ளைகளுக்கு அப்புறம் பேச்சுப் பயிற்சி வேண்டும் என்பதைப் பலர் அறிவதே இல்லை. தையல் ஆறிவிட்டது, வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுகிறார்கள். மூக்கால் பேசும் பழக்கம் அப்படியே தங்கிவிடும்.

காதொலிக் கருவியும் அடையாள அட்டையும்

இதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் போக வேண்டும். பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும். முதலில் மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டை (யு.டி.ஐ.டி.) வேண்டும். ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் பதிந்து தருவார்கள். பிறகு அரசு மருத்துவர் சோதித்து, குறைபாடு எத்தனை சதவீதம் என்று எழுதுவார்.

2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பேச்சொலி அளவில் இரு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர், 60 முதல் 70 வரை என்றால் செவித்திறன் குறைந்தவர். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். ஒரு காது மட்டும் கேளாதவருக்கு அந்த அளவு வருவது அரிது. பேச்சும் மொழியும் பாதிக்கப்பட்ட நிலை அதே சட்டத்தில் தனி வகை, காது நன்றாகக் கேட்டாலும் பேச்சு பாதிக்கப்பட்டவர் அதில் விண்ணப்பிக்கலாம்.

கருவி கையில் வந்த பிறகுதான் கவனம் அதிகம் வேண்டும். காதுக்குள் செல்லும் அச்சு குழந்தை வளர வளரச் சிறிதாகிவிடும். கருவி கீச்சென்று விசில் அடித்தால் பெரும்பாலும் அச்சு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம், செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் புதிது எடுக்க வேண்டும். மில்லுக்கும் தறிக்கும் பக்கத்தில் வீடு இருந்தால் பஞ்சுத் தூசி மைக்கின் துளையை அடைத்துவிடும், தினமும் காய்ந்த துணியால் துடையுங்கள். இரவில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கருவியை ஈரம் உறிஞ்சும் சிலிகா மணிகள் போட்ட டப்பாவில் வையுங்கள். விழித்திருக்கும் நேரம் முழுக்க மாட்டியிருக்க வேண்டும். விசேஷத்துக்குப் போகும்போது மற்றவர்கள் பார்ப்பார்களே என்று கழற்றி வைக்கிற பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போகிறது. அத்தனை சொந்தமும் கூடிப் பேசுகிற இடத்தில்தான் பிள்ளைக்குக் கேட்க அதிகம் இருக்கிறது.

பேச்சுப் பயிற்சி எங்கெங்கே இலவசம்

இதுதான் நீண்ட வேலை. மருத்துவமனையும் டி.இ.ஐ.சி.யும் முதல் இடம். ஆனால் அங்கே கூட்டம் அதிகம், ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. ஆறு வயதுக்கு உட்பட்ட, செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தொண்டு நிறுவனங்கள் வழியாக ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களை நடத்துகிறது. அம்மாவும் கூட உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம் என்பதே அதன் பெரிய பலன். உங்கள் மாவட்டத்தில் அது எங்கே இருக்கிறது என்று நல அலுவலகத்தில் கேளுங்கள். அதே துறையின் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற சேவை மையங்களைத் திறந்து வருகிறார்கள். பேச்சு, இயன்முறை எனப் பல பயிற்சிகளும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். உங்கள் கோட்டத்தில் திறந்தாயிற்றா என்று அங்கேயே விசாரியுங்கள்.

பள்ளி வயதுப் பிள்ளைக்கு ஒன்றியத்தில் உள்ள வட்டார வள மையம். பி.ஆர்.சி. என்றால் ஆசிரியர்களுக்குத் தெரியும். அங்கே சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள், ஆண்டுதோறும் மருத்துவ மதிப்பீட்டு முகாமும் நடக்கும். தலைமை ஆசிரியரிடம் சொல்லிப் பிள்ளையின் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் முகாம் தேதி தேடி வரும்.

தனியாரிடம் போவதென்றால், பயிற்சி தருபவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை, நல்லவர்கள் சந்தோஷமாகக் காட்டுவார்கள்.

எந்த மையத்தில் சேர்ந்தாலும் மீதி நேரமெல்லாம் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. பயிற்சியாளரிடம் ஒவ்வொரு முறையும் "இந்த வாரம் வீட்டில் என்ன செய்யணும்?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டி.வி.யை அணையுங்கள். பிள்ளையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, செய்கிற வேலையைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்: தண்ணி ஊத்தறேன், ஆட்டுக்குத் தழை போடறேன், கதவைத் திறக்கறேன். கைச்சாடையில் கேட்டாலும் சொல்லைச் சொல்லியே கொடுங்கள்.

பயணச் செலவுக்கு: சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிக்கும் அவருக்குத் துணையாக வருபவருக்கும் டிக்கெட் இல்லை. வெளியூர்ப் பேருந்துச் சலுகைக்கு நல அலுவலகத்தில் பயண அட்டை கேளுங்கள்.

தறி, மில் தொழிலாளர்களுக்கு

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் நாற்பது வயதிலேயே "என்னது, என்னது" என்று கேட்பது ஊரில் சாதாரணமாகிவிட்டது. சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாத விஷயம் இது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பதுதான் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் உச்சம். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு இ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்கிறார்கள் என்றால், பரிசோதனைக்கும் காதொலிக் கருவிக்கும் அந்த வழியில் உரிமை உண்டு, குடும்பத்தாருக்கும் சிகிச்சை உண்டு. முதலில் இ.எஸ்.ஐ. மருந்தகம், அங்கிருந்து பரிந்துரை வாங்கி மருத்துவமனை. கோவையில் அது சிங்காநல்லூரில் இருக்கிறது. காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் எடுத்ததும் ஒரு நகலை வீட்டில் பத்திரப்படுத்துங்கள், பின்னால் இழப்பீடு கேட்கும்போது அது வேண்டும்.

பெரியவர்களுக்கு

அறுபது கடந்த, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள பெரியவர்களுக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்ட முகாம்களில் காதொலிக் கருவி தருகிறார்கள். முகாம் எப்போது என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்குக் கை கால் பயிற்சி மட்டும் நடக்கும், பேச்சை யாரும் நினைப்பதில்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன்பே "பேச்சுப் பயிற்சிக்கும் எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும்.

தட்டிக் கழித்தால்

"இங்கே இல்லை, அங்கே போங்க" என்று அலைக்கழித்தால், யாரைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்பதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னாலே பாதி வேலை நடந்துவிடும். அதற்கும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள், அல்லது முதல்வரின் முகவரி எண் 1100-க்குப் பேசுங்கள். மனுவில் குழந்தையின் பிறந்த தேதியை முதல் வரியிலேயே எழுதி, எந்தத் தேதியில் ஆறு வயது முடிகிறது என்பதையும் அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். பெரா அறிக்கை, அட்டை நகல், மருத்துவமனைச் சீட்டுகள் எல்லாவற்றையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து வைத்து, அசலை யாரிடமும் கொடுக்காமல், மனு ரசீதின் எண்ணைப் போனில் படம் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள்.